'இல்லை' என்பதை யார் எழுதி வைத்தோம்?

மதிய இடைவேளையில் நூலகத்தின் கடைசி மேசையில் விரிந்த க்ளூடோ என்ற கொலைத் துப்பறியும் விளையாட்டின் பலகையை நம் வகுப்பார் மறந்திருக்க மாட்டார்கள். அந்தனி பிராட் உருவாக்கி, 1949இல் இங்கிலாந்தின் வாடிங்டன்ஸ் நிறுவனம் வெளியிட்ட அதே விளையாட்டு. நாம் அதைப் பகடை ஆட்டமாகவே ஆடினோம். காட்டப்பட்ட சீட்டை மட்டும் அடித்துவிட்டு, மற்றவர் முறை வந்ததும் கதை பேசப் போய்விடுவோம். குற்றவாளி தப்பியது அங்கேதான்.

மொத்தம் 21 சீட்டுகள்: சந்தேக நபர் 6, ஆயுதம் 6, அறை 9. வகைக்கு ஒன்றாக 3 சீட்டுகள் யாரும் பார்க்காமல் உறைக்குள் போகும்; கண்டுபிடிக்க வேண்டிய விடை அவைதான். சாத்தியங்கள் 6×6×9, அதாவது 324. மீதி 18 சீட்டுகள் ஆட்டக்காரர் கைகளில். ஆறு பேர் என்றால் தலைக்கு 3. நால்வர் என்றால் இருவருக்கு 5, இருவருக்கு 4. யாரிடம் எத்தனை சீட்டு என்பதைத் தாளின் தலையிலேயே எழுத வேண்டும். பிறகு அதுதான் கைகொடுக்கும்.

பெட்டியோடு வரும் குறிப்புத்தாள் பல பதிப்புகளில் போதாது. 21 வரிசை, ஆளுக்கொரு பத்தி என்று கட்டம் போடுங்கள். ஒருவர் ஓர் ஆள், ஓர் ஆயுதம், தாம் நிற்கும் அறை என மூன்றையும் ஊகமாகச் சொல்லி, அடுத்தவர் அவற்றில் எதுவும் தம்மிடம் "இல்லை" என்றால் அவர் பத்தியில் ஒரே நேரத்தில் மூன்று பெருக்கல் குறிகள். காட்டப்பட்ட சீட்டு ஒன்றைத்தான் சொல்லும்; 'இல்லை' மூன்றைச் சொல்கிறது. உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் இன்னொருவருக்குச் சீட்டுக் காட்டினால், கேட்ட மூன்று கட்டங்களிலும் அந்தச் சுற்றின் எண்ணைச் சிறிதாக எழுதுங்கள். அவற்றில் இரண்டு பின்னால் அடிபட்டால் மூன்றாவது அவரிடம் உறுதி.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. மூன்று சீட்டு வைத்திருப்பவரிடம் கயிறும் நூலகமும் இருப்பது தெரிந்துவிட்டது என்று வையுங்கள். 4ஆம் சுற்றில் 'மஸ்டர்ட், துப்பாக்கி, ஹால்' என்ற ஊகத்துக்கும், 9ஆம் சுற்றில் 'பிளம், துப்பாக்கி, சமையலறை' என்ற ஊகத்துக்கும் அவர் சீட்டுக் காட்டியிருக்கிறார். மீதமிருக்கும் ஒரே சீட்டு இரண்டுக்கும் பதிலாக வேண்டும். அது துப்பாக்கிதான். அவர் பத்தியில் மற்றதெல்லாம் அடிபடும். அந்த அடிகள் அடுத்தவர் பத்திகளில் கிடக்கும் எண்களையும் அவிழ்க்கும். ஒரு வரிசை முழுவதும் அடிபட்டால் அந்தச் சீட்டு உறையில்.

கேட்பதிலும் சாதுரியம் வேண்டும். நூலகமும் குத்துவாளும் உங்கள் கையில் இருந்தால், நூலகத்தில் நின்று 'பீக்காக், குத்துவாள், நூலகம்' என்று கேளுங்கள். யாராவது காட்டினால் அது பீக்காக் மட்டுமே. எவரும் காட்டாவிட்டால் பீக்காக்தான் குற்றவாளி. அடிக்கடி செய்தால் கூர்மையானவர் பிடித்துவிடுவார். உங்கள் முறைக்கு ஒரு சோதனை: எதிராளியின் ஊகத்துக்கு யாரும் சீட்டுக் காட்டவில்லை, அவரும் 'உறையில் இருப்பவை இவைதான்' என்று குற்றம் சாட்டவில்லை என்றால், அந்த மூன்றில் ஒன்றாவது அவர் கையிலேயே இருக்கிறது.

காட்டும்போது, ஏற்கெனவே அதே ஆளுக்குக் காட்டிய சீட்டையே மறுபடி காட்டுங்கள். புதியது கொடுப்பது தானம்.

அறைதான் கடைசிவரை இழுக்கும். 9 சீட்டு, அதுவும் நடந்துபோய்த்தான் கேட்க வேண்டும். சமையலறை–படிப்பறை, கன்சர்வேட்டரி–லவுஞ்ச் இரகசியப் பாதைகளைப் பயன்படுத்துங்கள். மற்றவர் தம் ஊகத்தில் உங்கள் காயின் பெயரைச் சொல்லி அதைத் தம் அறைக்குள் இழுத்தால், உங்கள் முறையில் பகடை உருட்டாமலே அங்கிருந்து கேட்கலாம். இந்த விதியை நாம் ஒருவரும் படித்ததே இல்லை!

எல்லாம் சரியாகக் குறித்தும் கட்டம் முரண்பட்டால், யாரோ கையிலிருந்த சீட்டைக் கவனிக்காமல் 'இல்லை' சொல்லியிருக்கிறார். சுற்று எண் எழுதியிருந்தால் பின்னோக்கிப் போய் எந்தப் பதில் கோளாறு என்று பிடிக்கலாம். பேனாவால் வெறும் அடி மட்டும் போட்டிருந்தால் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த ஆட்டம் பார்க்க வேண்டியதுதான்.

குற்றச்சாட்டு ஒரே முறைதான். தவறினால் சீட்டுக் காட்ட மட்டுமே இருக்க வேண்டும். ஆளும் ஆயுதமும் உறுதி, அறை இரண்டில் ஒன்று என்ற நிலையில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்து ஆடுபவர் பேசுவதை நிறுத்தித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தால் துணியுங்கள். இல்லையேல் ஒரு சுற்றுப் பொறுங்கள்.