ஒரே கோட்டில் மூன்று மனங்கள்

குடியேறிகளையும் குற்றத்தையும் மக்கள் எவ்வாறு முடிச்சுப் போடுகிறார்கள் என்பதை இணையத் தரவுகளிலிருந்து அறிய முற்படுவோர் பலர் முதலில், கூகுளில் ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் கூடிக் குறைவதைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸைத்தான் திறக்கிறார்கள். 2004 முதலான தேடல்களைக் காட்டும் அந்த வரைபடத்தில் 0 முதல் 100 வரை தெரியும் எண், தேடியவர்களின் எண்ணிக்கை அன்று. தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு மட்டுமே. 2015 டிசம்பர் 31 இரவில் ஜெர்மனியின் கொலோன் நகரில் பெண்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பின் 'அகதிகள் குற்றம்' என்று ஒருவர் தேடியிருந்தால், அவர் அஞ்சியவராகவும் இருக்கலாம், அந்த அச்சத்தை மறுக்கச் சான்று தேடியவராகவும் இருக்கலாம், வெறும் செய்தியாளராகவும் இருக்கலாம். கோடு மூவருக்கும் ஒன்றுதான். ட்விட்டரை (இன்றைய எக்ஸ்) நான் இன்னும் குறைவாகவே நம்புகிறேன், ஏனெனில் அங்கே ஓயாமல் எழுதுபவர்கள் சிலரே. 2023-இல் பதிவுகளை நிரல்வழி மொத்தமாக எடுக்க உதவிய இலவச ஏபிஐ வசதி நிறுத்தப்பட்ட பின், பணமில்லாத ஆய்வு மாணவருக்கு அந்தச் சிலரின் குரல்கூட எளிதில் கிடைப்பதில்லை.