கருணைக்கு அருகில் நிற்கும் பகை

மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள், மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை ஏறக்குறைய ஒரு மாத்திரையைப் போலவே எல்லோருக்கும் கொடுத்துவந்தேன். பதற்றம் என்று வந்தவருக்கும் அதுதான், தூக்கமில்லை என்று வந்தவருக்கும் அதுதான். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார மனவிழிப்புப் பயிற்சியையும், சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும் மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வருபவர்களுக்காக அதிலிருந்து வளர்த்தெடுத்த முறையையும் படித்திருந்தேன். அவற்றின் வேர் பௌத்தத்தில் இருப்பது தெரியும். அந்த வேர் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியதில்லை.

போய்ப் பார்க்க வைத்தவர், மகனை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு தாய். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்ன இரண்டாம் நிமிடத்தில் அவருடைய விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றின. விரல் கணுக்கள் வெளுத்துப்போயின. அதைக் கண்டும் பொருட்படுத்தாமல், "மூச்சோடு இருங்கம்மா" என்றேன். "மூச்சைக் கவனிச்சா அவனோட மூச்சுதான் சார் கேக்குது" என்றார். மகனின் கடைசி இரவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர்.

அன்று மாலை, உடலையும் மனதையும் விழிப்போடு கவனிப்பது பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். உடலைக் கவனிக்கும் பகுதி மூச்சில் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. நடப்பது, நிற்பது, உட்கார்வது, படுப்பது, கையை மடக்குவது, நீட்டுவது, உண்பது, பேசாமலிருப்பது வரை எல்லாமே அதில் பயிற்சியாகச் சொல்லப்படுகின்றன. மறுவாரம் முதல் நாங்கள் இருவரும் வராந்தாவில் நடந்தோம். பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்தால் போதும் என்றேன். முதல் நாள் ஆறேழு அடிகளுக்கு மேல் அவருக்கு மனம் நிற்கவில்லை; அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவருடைய மாத்திரைகளும் மருத்துவரின் கண்காணிப்பும் வழக்கம்போலத் தொடர்ந்தன. பயிற்சி அவற்றுக்கு மாற்று என்று நான் எவரிடமும் சொல்வதில்லை.

"அன்னைக்கு ராத்திரி கண் அசந்துட்டேனே" என்று நடந்துகொண்டே திரும்பத் திரும்பச் சொல்வார். புத்தரின் இன்னொரு உரையான சல்ல சூத்திரத்தில் வரும் இரண்டு அம்புகள் எனக்கு நினைவுக்கு வரும். உடலில் படும் வேதனை முதல் அம்பு. அதை எண்ணி மனம் புலம்பித் தவிப்பது இரண்டாவது. அந்த உவமையை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. துயரில் இருப்பவரிடம் "இது நீங்களே எய்துகொண்ட அம்பு" என்பது மூன்றாவது அம்பாகிவிடும். இறந்த குழந்தையை ஏந்திவந்த கிசா கோதமியிடமும் புத்தர் உபதேசத்தோடு தொடங்கவில்லையே. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரச் சொல்லி, அவளை வீடு வீடாக நடக்கத்தானே வைத்தார். அம்புகளின் உவமை, துயரைக் கேட்பவருக்கு உரியது, அதாவது ஆலோசகரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உரியது என்றே இன்றும் கருதுகிறேன்.

இரண்டு மாதங்கள் கழிந்தபின் ஒருநாள், வராந்தாவின் கோடியில் நின்று என் முகத்தைப் பார்த்தவர், "சார், நீங்க சரியா தூங்குறீங்களா?" என்று கேட்டார். நான் தூங்கவில்லை. அவர் கதையை வீட்டுக்கு எடுத்துச்சென்று, இரவெல்லாம் சுமந்துகொண்டிருந்தேன். அதைத்தான் கருணை என்றும் நம்பியிருந்தேன். ஆறுதல் தேடி வந்தவர் எனக்கு ஆறுதல் சொல்லும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டேன் என்பது அந்தக் கணத்தில் சுருக்கென்று தைத்தது.

ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்த அறிஞர் புத்தகோசர் தொகுத்த விசுத்திமக்கம் என்னும் பயிற்சி நூல், அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை ஆகிய நான்கு பண்புகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைகளைக் காட்டுகிறது: தொலைவில் நிற்பது ஒன்று, அருகில் நிற்பது ஒன்று. கருணைக்குத் தொலைப்பகை கொடுமை. அதை அடையாளம் காண்பது எளிது. அருகில் நிற்கும் பகை சோகம். அது கருணையின் முகத்தோடே வருவதால் உள்ளே விட்டுவிடுகிறோம். சமநிலைக்கு அருகில் நிற்பது, ஒன்றும் உறைக்காத அசட்டை. எங்கள் தொழிலில் வெகுகாலம் இருந்தவர்கள் சிலரிடம் அந்த அசட்டையைக் கண்டு மனதுக்குள் குறை கூறியிருக்கிறேன்; சோகத்தில் நான் மூழ்கிக்கிடந்தது தெரியாமலே.

இப்போது ஒருவர் வெளியேறி அடுத்தவர் வருவதற்குள் எழுந்து, கதவுக்கும் மேசைக்கும் இடையிலுள்ள நான்கைந்து அடிகளை மெதுவாக நடக்கிறேன். போனவர் துயரிலிருந்து விடுபட வேண்டும் என்று ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். நெஞ்சில் இறுக்கம் இருந்தால் அதைக் கவனிக்கிறேன். சில நாட்களில் அது இளகுகிறது, சில நாட்களில் இளகுவதில்லை. பிறகு கதவைத் திறக்கிறேன்.