4.3 என்று வந்த ஓர் எச்சரிக்கையைத் தொடர்ந்து போனபோது

ஒரு சிறு பதிப்பகத்தின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்கும் தளம். புத்தகம் வேண்டுவோர் ஒரு படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், நூல்களின் பட்டியல் எல்லாம் எழுதி அனுப்புவார்கள். அது பதிப்பகத்தின் மின்னஞ்சலுக்கு வந்து சேரும். அந்தப் படிவத்தை இயக்கும் ப்ளகினில் (வேர்ட்பிரஸுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் துணைநிரல்) சிஎஸ்ஆர்எஃப் குறைபாடு இருப்பதாகப் பாதுகாப்பு ஸ்கேனர் எச்சரித்தது. உள்நுழைந்திருக்கும் ஒருவரின் உலாவியை ஏமாற்றி, அவர் அறியாமலே தளத்துக்குக் கோரிக்கை அனுப்ப வைக்கும் ஓட்டை அது. தீவிரம்: நடுத்தரம், 4.3. திருத்திய பதிப்பு இன்னும் வரவில்லை.

ப்ளகின் எச்சரிக்கைகளில் இந்த 4.3 அடிக்கடி கண்ணில் படும். தாக்குபவருக்குக் கடவுச்சொல் தேவையில்லை, ஆனால் நிர்வாகி ஏதாவது ஓர் இணைப்பைச் சொடுக்க வேண்டும், பாதிப்பும் சிறிதுதான் என்று குறித்தால், குறைபாட்டின் தீவிரத்தைப் பத்துக்கு மதிப்பிடும் சிவிஎஸ்எஸ் கணக்கு இந்த எண்ணில் வந்து நிற்கும். பலரும் இதைப் பார்த்ததும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் படிவம் காவலில்லாமல் கிடக்கிறது, அதன் வழியாக எதை மாற்ற முடியும் என்று பார்த்த பிறகுதான் ஒதுக்கலாமா என்று சொல்ல முடியும். 2020 ஜனவரியில் கோட் ஸ்னிப்பெட்ஸ் ப்ளகினில் வெளிப்பட்டதும் சிஎஸ்ஆர்எஃப்தான். 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த ப்ளகின் அது. அதன் இறக்குமதிப் பகுதியில் சரிபார்ப்பு இல்லாததால், நிர்வாகியின் உலாவி வழியாகவே தளத்துக்குள் அந்நிய நிரலைப் புகுத்தி இயக்க முடிந்தது. அதற்குக் கிடைத்த மதிப்பெண் 8.8. அதன் 2.14.0 பதிப்பில்தான் ஓட்டை அடைக்கப்பட்டது.

எங்கள் ப்ளகினில் காவலில்லாமல் கிடந்தது அமைப்புகள் பக்கம். படிவம் எந்த மின்னஞ்சலுக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்தப் பக்கம்தான். அந்த ஒரு முகவரியை யாராவது மாற்றிவிட்டால், வாசகர்களின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஓசையில்லாமல் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். 4.3 என்ற எண்ணில் இது தெரியாது.

பதிப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கடவுச்சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லையே தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. இந்தத் தாக்குதலுக்குக் கடவுச்சொல்லே வேண்டாம். ஒரு தளத்துக்குக் கோரிக்கை அனுப்பும்போது உலாவி அந்தத் தளத்தின் குக்கியை, அதாவது உள்நுழைந்தவர் இவர்தான் என்று காட்டும் சிறு பதிவை, தானாகவே சேர்த்து அனுப்புகிறது. யார் காகிதத்தை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் அலுவலக முத்திரையைக் குத்திக் கொடுக்கும் எழுத்தரைப் போல. அந்த அம்மா காலையில் உள்நுழைந்தால் மாலைவரை நிர்வாகப் பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பார். அதே உலாவியில்தான் அஞ்சல் இணைப்புகளையும் திறப்பார். எச்சரிக்கை சொல்லும் ஆபத்துக்கு இதுவே போதும்.

தளத்தின் நகல் ஒன்றை என் கணினியில் நிறுவிச் சோதித்தேன். (ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் இதைச் செய்யவே கூடாது.) தனியாக ஒரு எச்டிஎம்எல் பக்கம் எழுதினேன். அதில் ஒரு படிவம், வேறொரு மின்னஞ்சல் முகவரியைத் தாங்கிய மறைவுப் புலம் ஒன்று, பக்கம் திறந்ததும் படிவத்தைச் சமர்ப்பிக்கும் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். பயர்பாக்ஸில் நிர்வாகியாக உள்நுழைந்துவிட்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு தாவலில் திறந்தேன். திரை ஒரு கணம் வெளுத்தது; அடுத்து ப்ளகினின் அமைப்புகள் பக்கம் வந்து நின்றது. மேலே பச்சைக் கோட்டுடன் 'அமைப்புகள் சேமிக்கப்பட்டன'. பெறுநர் பெட்டியில் நான் இட்ட முகவரி.

குரோமில் இது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. வேறு தளத்திலிருந்து கிளம்பும் போஸ்ட் கோரிக்கையுடன் (படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது போவது) குக்கியை அனுப்பாமல் இருப்பதை 2020 முதல் அது இயல்புநிலையாக்கியது. ஆனால் குக்கி பதிவான முதல் 2 நிமிடங்களுக்கு விலக்கு உண்டு. அந்த அம்மா பயன்படுத்துவதும் பயர்பாக்ஸ். உலாவியை நம்பி ப்ளகினின் ஓட்டையை விட்டுவைப்பது முறையில்லை.

உண்மையான தளத்தில் பெறுநர் முகவரி மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ப்ளகினை முடக்கினேன். படிவம் இருந்த இடத்தில் பதிப்பகத்தின் மின்னஞ்சல் முகவரியை மட்டும் போட்டேன். நூல் பதிவேற்றும் அன்றாட வேலைக்கு அந்த அம்மாவுக்கு, அமைப்புகளை மாற்றும் உரிமை இல்லாத எடிட்டர் கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுத்தேன்; நிர்வாகி கணக்கு தனி உலாவி புரொஃபைலுக்குப் போனது.

பிறகு புதிய பதிப்பு வந்தது. மாற்றக் குறிப்பில் 'பாதுகாப்புத் திருத்தம்' என்று ஒரே வரி. வேர்ட்பிரஸ் களஞ்சியத்தில் இரண்டு பதிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் பார்க்கலாம் என்பதால் திறந்து படித்தேன். நான்ஸ் சேர்த்திருந்தார்கள். பயனர், அவருடைய அமர்வு, செய்யும் செயல், நேரம் ஆகியவற்றைக் கொண்டு வேர்ட்பிரஸ் உருவாக்கும் குறியீடு அது. வெளியிலிருந்து படிவம் தயாரிப்பவரால் அதை ஊகிக்க முடியாது. ஆனால் சரிபார்க்கும் வரியின் பொருள் இது: 'நான்ஸ் வந்திருந்து, அது தவறாகவும் இருந்தால் நிறுத்து.' வராமலே போனால்? நிறுத்த மாட்டார்கள். என் சோதனைப் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் திறந்தேன். முகவரி மறுபடியும் மாறியது. ஸ்கேனரோ இந்தப் பதிப்புக்குப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

ப்ளகினை எழுதியவருக்கு மடல் அனுப்பினேன்: பதிப்பு எண், கோப்பு, வரி, மீண்டும் நிகழ்த்திப் பார்க்கும் முறை. பொதுவெளியில் எதுவும் எழுதவில்லை. அந்தப் பதிப்பை நம்பி இயங்கும் மற்ற தளங்களின் கதவைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடும். பதில் வரவில்லை. அதே மடலை வேர்ட்பிரஸின் ப்ளகின் பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பிய பிறகு, பதிவிறக்கத்தை நிறுத்திவைத்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். களஞ்சியத்தில் மூடினாலும் ஏற்கெனவே நிறுவிய தளங்களில் ப்ளகின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூடிவிட்டார்கள் என்று டாஷ்போர்டு சொல்லாது. ப்ளகினின் பக்கத்தை நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அடுத்த திருத்தம் சரியாக இருந்தது. நான்ஸ் இல்லை என்றாலும் தவறு என்றாலும் அங்கேயே நிறுத்தும் செக் அட்மின் ரெஃபரர் ஃபங்ஷனைப் போட்டிருந்தார்கள். அத்தோடு, பயனருக்கு அமைப்புகளை மாற்றும் உரிமை இருக்கிறதா என்ற சோதனையும் இருந்தது. இரண்டும் தனித்தனியே தேவை. நான்ஸ் ஒருவரின் உரிமையைச் சொல்வதில்லை. அது அவர் அறிந்து அனுப்பிய கோரிக்கைதானா என்பதை மட்டுமே சொல்கிறது. என் சோதனைப் பக்கம் இம்முறை இணைப்பு காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்போடு நின்றது. படிவத்தை மறுபடி இயக்கினேன்.

சில நாள் கழித்து அந்த அம்மா அழைத்தார். முந்தைய நாள் திறந்து வைத்த பக்கத்தைச் சேமிக்கப் போனால் அதே அறிவிப்பு வருகிறதாம். நான்ஸின் ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம் என்று விளக்கி, பக்கத்தைப் புதுப்பித்துவிட்டுச் சேமிக்கச் சொன்னேன்.

இப்போது தளத்தில் உள்ள மற்ற ப்ளகின்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். செய்திமடல் ப்ளகினில் சந்தாதாரரை நீக்கும் பொத்தான் நான்ஸ் இல்லாத வெறும் இணைப்பாக இருக்கிறது. சொடுக்கித் திறக்கும் இணைப்புக்கு குரோமும் குக்கியை அனுப்பும் என்பதால் இது அங்கேயும் வேலை செய்கிறது. அதை எழுதியவருக்கு மடல் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த ப்ளகின் முடக்கத்தில் இருக்கும்.