மாமனைக் கொண்டு பிறந்தவன்

அக்காள் மகனுக்கு ரயில் ஓட்டும் வேலைதான் கனவு. விண்ணப்பிக்கும் முன் கண்ணைச் சோதித்துவிடலாம் என்று நேற்று மதுரையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மேசையில் இஷிஹாரா புத்தகம், நிறக்குருடு இருக்கிறதா என்று பார்க்க வண்ணப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்தது. ஜப்பானிய மருத்துவர் ஒருவர் 1917இல் வெளியிட்டது, இன்றும் அதுதான் ஓடுகிறது. முதல் பக்கத்தில் 12. அது எல்லாருக்கும் தெரியும். ஊரே 74 என்று வாசிக்கும் பக்கத்தை இவன் "இருபத்தொன்று" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும் 21தான் தெரிந்தது! சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறியாத கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுமாம்.

ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு செய்தி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் இருந்தபோது, அரக்குச் சேலைக்குப் பச்சை ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிய திட்டுக்கு இன்றுதான் காரணம் தெரிகிறது. அந்தக் காலத்தில் வண்ணக் கம்பளி நூல்களைக் குவித்து, ஒத்த நிறத்தைப் பொறுக்கச் சொல்லித்தான் சோதித்தார்களாம். 1875இல் சுவீடனில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு அந்நாட்டு உடலியல் அறிஞர் ஹோம்கிரன் பரப்பிய முறை. எனக்கு அந்தச் சோதனையைக் கடையிலேயே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதாம். அம்மாவிடமிருந்து எனக்கு, அக்காள் வழியாக அவனுக்கு. தொலைபேசியில் சொன்னதும் அக்காள், "மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறான், வேறென்ன" என்றாள்.

ரயில்வே தேர்வில் இந்தப் புத்தகம் போக, விளக்கைக் காட்டி நிறம் கேட்கும் சோதனையும் உண்டு. பையன் வழியெல்லாம் பேசவே இல்லை. ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன், பாதியில் வைத்துவிட்டான்.