நியூராலஜி மேட்ச்: தயாராகிறவர்களுக்கு

அமெரிக்காவில் நியூராலஜி (நரம்பியல்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, ‘மேட்ச்’ என்ற இட ஒதுக்கீட்டு முறையில் சேரத் தயாராகும் தம்பி தங்கைகளே, அங்கே மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது. பாஸா ஃபெயிலா, அவ்வளவுதான். அதனால் அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணுக்கு மவுசு கூடிவிட்டது. படியுங்கள். ஆனால் வார்டை விட்டுவிடாதீர்கள்.

நோயாளியிடம் கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை மெல்ல உள்பக்கம் திரும்பித் தாழ்ந்தால், ஸ்கேனுக்கு முன்பே எதிர்ப்பக்க மூளையில் பாதிப்பு என்று சந்தேகிக்கலாம். எனக்கு இந்தத் துறைமேல் பைத்தியம் பிடித்தது அங்கேதான். பரிந்துரைக் கடிதத்தையும் அப்படி உங்களைப் பக்கத்தில் நின்று பார்த்த டாக்டரிடமே கேளுங்கள். பெரிய பெயருக்காக அலைய வேண்டாம்.

இன்னொன்று, பயிற்சி மொத்தம் நான்கு ஆண்டு, முதலாண்டு பெரும்பாலும் பொது மருத்துவம். இரண்டாம் ஆண்டிலிருந்து மட்டும் தரும் ‘அட்வான்ஸ்டு’ இடமென்றால் அந்த முதலாண்டுக்குத் தனியாக விண்ணப்பிக்கணும். சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.