அப்பாவோடு பெர்கனுக்கு: பயண ஏற்பாட்டு நாட்குறிப்பு

ஜனவரி 18

இந்தக் கோடையில் அப்பாவை அழைத்துக்கொண்டு நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கனுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. நான் பார்த்த பயணத் திட்டங்களில் பெரும்பாலானவை பெர்கனில் ஓரிரவு தங்க வைத்து, மறுநாள் காலையிலேயே மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகுந்த ஃபியோர்டுகளைக் காணக் கப்பலேற்றி விடுகின்றன. எங்களுக்கு அது ஒத்துவராது. அப்பா ஓய்வு பெறும் வரை தொழுநோய்க் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தவர். செங்கல்பட்டு வட்டாரத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, உணர்ச்சியற்ற தேமல் எவர் உடம்பிலாவது இருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, மாத்திரை தவறாமல் போய்ச் சேருகிறதா என்று கண்காணித்தவர். அந்த நோயின் கிருமியை நார்வே மருத்துவர் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தது பெர்கனில்தான். ஆகவே எங்கள் பயணத்தின் மையம் அந்த நகரமே. மற்றவையெல்லாம் நேரமும் அப்பாவின் முழங்காலும் இடம் கொடுத்தால்தான்.

பிப்ரவரி 1

எந்த மாதம் போவது என்பதை மழைதான் தீர்மானித்தது. அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்குக் காற்று நகரைச் சூழ்ந்த மலைகளில் மோதி மேலெழுவதால், பெர்கனில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. இலையுதிர்காலத்தில் அது உச்சத்துக்குப் போகும். மே, ஜூன் மாதங்களில் ஓரளவு குறையும். ஜூனில் சூரியன் மறைய இரவு பதினொரு மணி ஆகிவிடுவதால், பகலில் மழை பெய்தாலும் மாலையில் வெளியே போக நேரம் மிச்சமிருக்கும். கனமான திரைச்சீலை உள்ள அறையாகப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் அப்பாவுக்குத் தூக்கம் வராது. மழையைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “மழையைப் பார்த்தா நான் சர்வேக்குப் போனேன்? நீ டிக்கெட்டைப் போடும்மா” என்று முடித்துவிட்டார்.

பிப்ரவரி 16

இன்று முழுவதும் பெர்கனின் புனித யோர்கன் மருத்துவமனையைப் பற்றிப் படித்தேன். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆவணங்களில் இடம்பெறும் தொழுநோய் இல்லம் இது. 1702-இல் நகரைத் தின்ற தீயில் இதுவும் எரிந்துபோக, அதன் பிறகு எழுப்பிய மரக்கட்டடங்கள் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன. நடுவே பொதுக்கூடம், அதைச் சுற்றி, ஒரு கட்டிலும் பெட்டியும் போட்டால் நிறைந்துவிடும் சிறு அறைகள், பக்கத்திலேயே தேவாலயம். இங்கே வாழ்ந்த கடைசி நோயாளிகள் இருவரும் 1946-இல் இறந்தார்கள்.

அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு செய்தி. 1856-இல் நார்வே தன் தொழுநோயாளிகள் அனைவரையும் பெயர், ஊர், குடும்ப விவரங்களோடு நாடு தழுவிய ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. அப்போது கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 2,800 பேர். நோய் பரம்பரையாக வருகிறது என்று ஹான்சனின் மாமனாரும் மருத்துவருமான டேனியல்சன் உட்படப் பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது தொற்றுநோய் என்ற வாதத்துக்கு ஹான்சன் ஆதாரம் தேடியது நுண்ணோக்கியில் மட்டுமன்று, அந்தப் பதிவேட்டிலும்தான். பெர்கனின் தொழுநோய் ஆவணங்களை யுனெஸ்கோ 2001-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. களப்பணியாளர்கள் எழுதும் பதிவேட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற வருத்தம் அப்பாவுக்கு எப்போதும் உண்டு.

ஹான்சனின் மறுபக்கத்தையும் இங்கே எழுதியாக வேண்டும். 1879-இல் அவர் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவருடைய இசைவைப் பெறாமலே, நோய்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தார். வழக்கு நடந்து, மறு ஆண்டு மருத்துவமனைப் பதவியை இழந்தார். அப்பாவுக்கு இது முன்பே தெரியும். “கேட்காமல் நான் யார் வீட்டுத் திண்ணையிலும் ஏறியதில்லை” என்றார். ஹான்சனையும் அந்தப் பெண்ணையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த இடத்துக்குள் நுழைய வேண்டும் என்று நினைக்கிறேன். அருங்காட்சியகம் கோடையை ஒட்டித்தான் திறக்கும் என்பதால், நாள்களை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே விமானச் சீட்டு.

மார்ச் 8

விசா வேலை. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்பாவின் ஓய்வூதியச் சான்றையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வைத்தாயிற்று.

மார்ச் 23

தங்குவதற்குச் சமையலறையோடு கூடிய சிறு குடியிருப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வெளியில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது. அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். இங்கிருந்து பால் பொருள்களை எடுத்துப்போக அனுமதி இல்லாததால் நெய்க்குப் பதில் அங்கே வெண்ணெய்தான்.

பெர்கன் விமான நிலையத்துக்கும் நகர மையத்துக்கும் இடையே இலகு ரயிலில் முக்கால் மணி நேரம். மருத்துவமனை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய பிரிக்கன் என்ற பழைய மரக்கட்டட வரிசையும் நடக்கும் தொலைவுதான். ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் சுமார் 1360 முதல் தளம் அமைத்திருந்த இடம் அது. வடக்கிலிருந்து வரும் காட் மீனை வாங்கித் தானியம் கொடுத்தார்கள். நம் கருவாட்டைப் போல உப்பிடாமல், குளிர்காற்றிலேயே விறகாகக் காயவைத்த மீன் அது. தீக்குப் பயந்து மரக்கட்டடங்களுக்குள் அடுப்பு மூட்டத் தடை இருந்ததால், சமைப்பதற்கும் குளிர்காய்வதற்கும் பின்னால் தனிக்கூடங்கள் கட்டினார்கள், அவற்றைப் பார்க்கலாம். 1955-இல் ஒரு பகுதி எரிந்தபின் நடந்த அகழாய்வில், வட ஐரோப்பாவின் பழைய எழுத்துமுறையான ரூன் எழுத்துகள் கீறிய நூற்றுக்கணக்கான மரத்துண்டுகள் கிடைத்தன. சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டுகளோடு, “வீட்டுக்கு வரச் சொல்கிறாள் கிதா” என்ற பொருளில் ஒரு வரியும் அவற்றில் உண்டு. பிரிக்கன் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 6

கடைசியாக ஃபியோர்ட். மிர்தாலில் இறங்கி, மலை ரயிலில் ஃப்ளோம் சென்று, படகேறி, பேருந்து பிடித்து, வோஸில் மறுபடி ரயிலேறும் புகழ்பெற்ற சுற்று அழகானதுதான். ஆனால் ஒரே நாளில் அத்தனை ஏறி இறங்குவது அப்பாவால் முடியாது. அதனால் ஓஸ்லோவிலிருந்து 1909-இல் திறந்த பெர்கன் ரயில் பாதையில், இடையில் எங்கும் இறங்காமல் வருகிறோம். ஏறத்தாழ ஏழு மணி நேரம். 1,222 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபின்ஸேயில் ஜூனிலும் பனியைச் சன்னலோரத்திலிருந்தே பார்க்கலாம். ஃபியோர்டுக்கு, பெர்கன் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டு மோஸ்திராவ்மன் நீரிடுக்கு வரை போய்த் திரும்பும் படகு இருக்கிறது. மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தபடியே வரலாம். ஃப்ளோயன் மலைக்கு இழுவை ரயில் உண்டு. மழை விடும் மாலையில் போய்க்கொள்ளலாம் என்று அதற்கு நாள் குறிக்கவில்லை. முதல் நாள் காலை மட்டும் மருத்துவமனைக்கென்று உறுதி. ரயில் சீட்டுகளை இன்றிரவே எடுத்துவிடுகிறேன், முன்கூட்டி எடுத்தால் விலை பாதியாகக்கூடக் குறைகிறது.