மடித்த இலை

“அவரு போதும்னு சொல்லலையே பாப்பா.”

“வேணும்னும் கேக்கலையே அண்ணே.”

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து உணவகம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நடந்த பேச்சு இவ்வளவுதான். அங்கே பரிமாறும் அண்ணன் சாம்பார் வாளியோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்; நான் கையிலிருந்த தாளில் ஓர் எண்ணை எழுதினேன். என் பதிலில் தவறு இருந்ததாக அன்று தோன்றவில்லை. இன்றும் அதைத் தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும், படித்து முடித்து வேலைக்கும் வந்துவிட்ட பிறகு, அந்தப் படிப்பில் நான் கற்றதையெல்லாம் நினைக்கும்போது முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சாகவே இருக்கிறது.

சமையற்கலையும் உணவு வணிக மேலாண்மையும் சேர்ந்த பட்டப்படிப்பு அது. காலையில் வெங்காயத்தை 3 மில்லிமீட்டர் கனசதுரமாக நறுக்கப் பழகுவோம். பிற்பகலில் அதே வெங்காயத்தில் தோலும் வேரும் போக எவ்வளவு தேறியது, அதன்படி ஒரு தட்டின் அடக்கவிலை என்ன என்று கணக்குப் போடுவோம். எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கும். உணவுப் பொருள்களுக்கான செலவு விற்பனையில் 28 முதல் 35 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது பாடம். வாழையிலைச் சாப்பாட்டில் அதை நிறுத்துவது எளிதன்று, ஏனென்றால் அங்கே ஒரு சாப்பாட்டின் அளவை முடிவு செய்கிறவர் சமைப்பவர் அல்லர், சாப்பிடுகிறவர். வகுப்பில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. வேலைப்பயிற்சிக்கு அந்த உணவகத்துக்குப் போன முதல் வாரத்திலேயே எனக்கு இது புரிந்தது, புரிந்ததில் பெருமையாகவும் இருந்தது.

அது 2023ஆம் ஆண்டு. ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது; ஆகஸ்ட் மாத இறுதியில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் விதித்தது. பொருள் சேவை வரி அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் 8 விழுக்காடு ஆகியிருந்தது, அடுத்த ஜனவரியில் 9 ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. முதலாளி என்னை அழைத்து, “சாப்பாட்டு விலைய ஏத்தாம ஒரு வழி சொல்லும்மா” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்குவிடுதிகளிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூடப் பெரிது என்று அவரே காரணமும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வழி கண்டுபிடிக்க, இலையில் மீந்ததை எடை போடத் தொடங்கினேன். மடித்து வைத்த இலைகளைப் பிரித்தால்தான் எடை போட முடியும். சாப்பிட்டு முடித்தவர் தம் பக்கமாக மடித்து வைத்துவிட்டுப் போன இலையை இன்னொருவர் திறந்து பார்ப்பது எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம். “மடிச்ச இலைய பிரிக்காதம்மா” என்று அண்ணன் முதல் நாள் முகம் சுளித்தார். மறுநாள் அவரே எனக்கு நீளமான கையுறையும் இரண்டு வாளிகளும் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாளி முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, மீன்முள் போன்று யாரும் சாப்பிடாதவற்றுக்கு. இன்னொன்று சாப்பிட்டிருக்கக் கூடியவற்றுக்கு. இரண்டையும் கலந்து எடை போட்டால் கணக்குப் பொய்த்துவிடும். இரண்டு வாரம் பிரித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மீந்த சோற்றில் பெரும்பகுதி குழம்போ ரசமோ படாத வெள்ளைச் சோறு. அது கடைசிக் கரண்டி. சாப்பிடுகிறவர் போதும் என்று கையை நீட்டுவதற்குள், வேகமாகப் போகும் பரிமாறுகிறவர் போட்டுவிட்ட கரண்டி.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அந்தச் சோற்றையெல்லாம் ஒன்றாகக் கொட்டியபோது மனம் வலித்தது. எங்கள் பாட்டி தரையில் சிந்திய பருக்கையைப் பொறுக்கி எடுப்பவர். 90 விழுக்காட்டுக்கு மேல் உணவை வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. 2023இல் இங்கே உருவான உணவுக் கழிவு 7,55,000 டன், அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடு மட்டுமே. மற்றவை எரிக்கப்பட்டுச் சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பும் நிலத்துக்குப் போகும், அதுவும் 2035க்குள் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் விளைந்ததோ ஆந்திராவில் விளைந்ததோ, ஒரு கரண்டிச் சோறு கடல் கடந்து வந்து யார் வாயிலும் படாமல் சாம்பலாவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே, வாளியோடு சுற்றி வர வேண்டாம், கேட்பவர்களுக்கு மட்டும் மறுசோறு போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ‘கூடுதல் சோறும் காய்கறியும் கட்டணமின்றிக் கிடைக்கும், தயங்காமல் கேளுங்கள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அட்டை அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் வைத்தோம். தயங்காமல் என்ற சொல்லைச் சேர்த்தது நான்தான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வழக்கமாக வருபவர், நாற்பது வயது இருக்கும். முதலில் சாம்பாருக்கு, பிறகு ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு என்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிடுவார் என்பதை முந்தைய வாரங்களில் பார்த்திருக்கிறேன். அன்று சாம்பார்ச் சோற்றை முடித்துவிட்டு, இலையின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த குழம்பு காயத் தொடங்கியிருந்தது. சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். அட்டை அவருக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஏழெட்டு அடி தள்ளி நான் நின்றிருந்தேன். நான் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கவனிக்க வந்தவள் குறுக்கிட்டால் கிடைக்கும் தகவல் கெட்டுவிடும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், நானும் அதை நம்பினேன். சிறிது நேரம் கழித்து அவர் இலையை மடித்தார். தம் பக்கமாகத்தான் மடித்தார்.

அந்த இலையில் கிடந்தது இரண்டு முருங்கைச் சக்கையும் ஒரு மிளகாய்க் காம்பும். சாப்பிடக் கூடியதில் மீதம் சுழியம். அன்று நான் எடை போட்ட இலைகளிலேயே மிக நல்ல இலை அதுதான், கணக்கின்படி. அப்போதுதான் அண்ணன் அதைச் சொன்னார், நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

பல முறை யோசித்திருக்கிறேன். அவருக்கு அன்று பசி குறைவாக இருந்திருக்கலாம். நண்பர் யாராவது வெளியே காத்திருந்திருக்கலாம். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவராகவும் இருந்திருக்கலாம், அப்படியென்றால் என் அட்டையில் அந்தச் சொல் இருந்தும் பயனில்லை. வளர்ந்த ஒரு மனிதர் தமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது அவரை மதிப்பதுதானே என்றும் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் பந்தியில் அந்த மரியாதை வேறு விதமாக இருந்து வந்திருக்கிறது. கேட்கும் பொறுப்பு போடுகிறவருடையது. மறுக்கும் உரிமை சாப்பிடுகிறவருடையது. கல்யாண வீட்டில் யாரும் “இன்னும் கொஞ்சம் சோறு கொடுங்கள்” என்று கேட்டு நான் பார்த்ததில்லை; “போதும், போதும்” என்று இலையைக் கையால் மறைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் எழுதிக் கொடுத்தேன். வாரம் முழுவதும் மேற்பார்வையாளரிடம் ஒவ்வொன்றையும் கேட்டுப் பெறுகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எதற்காக அங்கே வந்து உட்காருகிறார் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரமும் அவர் வந்தார். அவர் முதல் சோற்றை முடிக்கும் முன்பே அண்ணன் ரச வாளியோடும் சோற்றோடும் போய் நின்றார். அது நாங்கள் வைத்த விதிக்கு மாறானது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இலையை எடை போடவும் இல்லை. அறிக்கையில் அது சேரவில்லை. மற்ற இலைகளின் கணக்கில் மீதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, சாப்பாட்டு விலை ஏறவில்லை, அறிக்கைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. குறைந்த அந்தச் சோற்றில் எவ்வளவு வீணாகாமல் தப்பியது, எவ்வளவு சாப்பிடப்படாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது, என் தராசு இரண்டையும் ஒரே எடையாகத்தான் காட்டியது.

இன்று வேறோர் உணவகம் இதே கேள்வியைக் கேட்டால் இதே யோசனையைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். வீணான அந்த வெள்ளைச் சோறும் உண்மை, அதை நான் என் கையால் அள்ளியிருக்கிறேன். பயிற்சி முடிந்த கடைசி நாள் அண்ணன் என்னை உட்கார வைத்து இலை போட்டார். இரண்டாவது முறை சோற்றோடு வந்தவர், போடாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “போடுங்க அண்ணே” என்றேன். அவர் ஒரு கரண்டி போட்டுவிட்டு, நான் போதும் என்று சொல்லும் வரை அங்கேயே நின்றார்.